யாரும் திட்டாத ஓட்டக்காரி

ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். உன் கையில் ஆவி பட்ட கொப்புளம் ஆறிவிட்டதா? அம்மாவின் இருமல் குறைந்ததா? போனில் என் வாயிலிருந்து "ம்", "சரி", "வச்சிடவா" என்ற மூன்றைத் தவிர எதுவும் வராது என்று ரயிலடியில் நீ எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்தாய். உண்மைதான். அதனால் எழுதுகிறேன்.

ஒரு தையல் கடைக்கு மேலே அறை கிடைத்திருக்கிறது. காலையில் கீழே மெஷின் ஓடத் தொடங்கியதும் என் கட்டிலும் லேசாக நடுங்கும். அலாரம் தேவையில்லை.

பள்ளியில் எனக்குத் தனி அறை என்று சொன்னார்களே, அது பாதிதான். விளையாட்டுச் சாமான் அறையை ஒரு அலமாரி வைத்துத் தடுத்து, இந்தப் பக்கம் "மாணவர் வழிகாட்டி" என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். யாராவது அந்தப் பக்கம் பந்தை எடுத்தால் இன்னொன்று அலமாரிக்கு அடியில் உருண்டு என் காலடிக்கு வரும். பிள்ளைகள் இது தண்டனை கொடுக்கும் அறை என்று நினைத்துக்கொண்டு கதவருகே நின்றே பேசுகிறார்கள்.

இந்த வேலையில் எனக்குப் பயமான பகுதி ஒன்று உண்டு. தினமும் காலைக் கூட்டத்தில் மாணவர்களின் சாதனைகளை மைக்கில் வாசிக்க வேண்டியது நான்தான். சதுரங்கத்தில் வென்றவர், ஓவியத்தில் பரிசு வாங்கியவர், மரக்கன்று நட்ட வகுப்பு என்று. முதல் நாள் மைக்குக்கு முன்னால் நின்றேன். என் மூச்சு மட்டும் மைதானம் முழுக்கக் கேட்டது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "மிஸ், காத்து நல்லா வருது!" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்ததால் எப்படியோ வாசித்து முடித்தேன்.

தாமதமாக வருகிறவர்கள் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வகுப்புக்குப் போக வேண்டும். தினமும் ஒரே முகம். கடைசி வருடம் படிக்கும் பெண், ஒல்லி, நெற்றியில் வேர்வை. "ஏம்மா லேட்டு?" என்றேன். "அதான் மிஸ் என் பேரு," என்றாள். தொடர் ஓட்டக் குழுவில் மற்ற மூன்று பேரும் அவளை லேட்டு என்றுதான் கூப்பிடுகிறார்களாம். பள்ளியிலேயே வேகமாக ஓடுகிறவள் அவள்தானாம். வேடிக்கையாக இல்லை?

நீ உடம்பைப் பார்த்துக்கொள். நான் சாப்பிடுகிறேனா என்று கேட்காதே, சாப்பிடுகிறேன்.

உன் தங்கை

ஜூலை 21

அடி என் செல்லமே,

நாங்கள் இருவரும் நலம். கொப்புளம் காய்ந்து தோல் உரிந்துவிட்டது. அம்மாவின் இருமலும் சண்டையும் ஒரே அளவில் இருக்கின்றன. உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "இவளா இவ்வளவு பேசறா?" என்று அம்மா வாயைப் பிளந்தாள்.

இங்கே ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு கட்டடம் திறந்துவிட்டார்கள். அத்தனை படுக்கை விரிப்பும் எங்கள் சலவைக்கூடத்துக்குத்தான் வருகிறது. பெரிய உருளை இஸ்திரியை முழுக்க என் பொறுப்பில் விட்டுவிட்டார்கள். இந்தப் பக்கம் இரண்டு பேர் ஈர விரிப்பைக் கொடுப்பார்கள், அந்தப் பக்கம் அப்பளமாக வந்து விழும். உருளைக்குப் பக்கத்தில் நின்றால் மூக்கு நுனி தெரியாத அளவுக்கு ஆவி. துணி ஏற்ற வரும் வேன்காரர் எனக்கு ஆவி என்றே பெயர் வைத்துவிட்டார். "என்ன ஆவி, இன்னிக்கு யாரைப் பிடிச்ச?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வருவார். நானும் விடுவதில்லை. "உன்னைப் பிடிக்கிற அளவுக்கு எனக்கு இன்னும் கேடு காலம் வரல," என்றேன். கூடமே சிரித்தது. அந்த மனுஷனுக்கு ஒரு மூட்டையை ஒழுங்காகக் கட்டத் தெரியாது. நான்தான் அவிழ்த்துக் கட்டிக் கொடுக்கிறேன்.

மைக்கைப் பார்த்து ஏன் பயப்படுகிறாய்? அது உன்னைக் கடிக்குமா? அந்த லேட்டுப் பெண்ணைப் பற்றி இன்னும் எழுது. எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

அம்மா எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னாள். சொல்லிவிட்டேன், என் வேலை முடிந்தது.

அக்கா

ஆகஸ்ட் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம், எண்ணெய் தேய்த்துக் குளித்தேன், அம்மாவிடம் சொல்லிவிடு. உங்கள் நலம் பற்றி எழுது. உன் வேன்காரருக்கு மூட்டை கட்ட வந்ததா?

லேட்டு ஏன் தாமதம் என்று தெரிந்துவிட்டது. அவளாகச் சொல்லவில்லை. வகுப்பு ஆசிரியையிடம் விசாரித்தேன். அவளுடைய அம்மா கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் படுக்கையில் இருக்கிறார். காலையில் அம்மாவைத் துடைத்து, உடை மாற்றி, புரட்டிப் படுக்க வைத்து, ஊட்டிவிட்டு, பக்கத்து வீட்டு அம்மாள் வந்த பிறகுதான் இவள் கிளம்ப முடியும். பள்ளி வரைக்கும் ஓடியே வருகிறாள்.

உடற்கல்விக் கல்லூரி ஒன்று இதே ஊரில் இருக்கிறது. டிசம்பரில் நடக்கும் மண்டலப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்வார்கள். வீட்டிலிருந்தே போய் வரலாம். தனி ஓட்டத்துக்கான தேர்வு விடிகாலையில் நடந்ததால் அதை அவள் தவறவிட்டுவிட்டாள். இனி அவளுக்கு இருப்பது தொடர் ஓட்டம் ஒன்றுதான். அவள் மூன்றாவதாகக் குச்சி வாங்கி ஓடுகிறவள். வேறு எந்த வழியிலும் அவள் மேலே படிக்க வாய்ப்பில்லை என்று விளையாட்டு சார் சொன்னார். அவளை எப்படியாவது அந்தக் கல்லூரி வாசலுக்குள் அனுப்பிவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது.

இன்று காலை நான் ஒரு காரியம் செய்தேன், அக்கா. பரிசு வாங்கியவர்களை வாசித்து முடித்த பிறகு, "பதக்கம் இல்லாத ஒரு சாதனையும் இருக்கிறது," என்று ஆரம்பித்து, லேட்டு காலையில் வீட்டில் என்னென்ன செய்துவிட்டு வருகிறாள் என்று சொன்னேன். தாளைப் பார்க்கவே இல்லை. குரல் நடுங்கவில்லை. தலைமையாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். மைதானமே கை தட்டியது. அப்போதுதான் வாசலில் நுழைந்த லேட்டு அங்கேயே நின்றுவிட்டாள். கூச்சப்படுகிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன். எனக்கே நான் பேசியதை நம்ப முடியவில்லை.

இன்னொரு சேதி. பள்ளி இதழில் "என் வழிகாட்டி" என்று ஆசிரியர்கள் எல்லோரும் எழுத வேண்டும். நான் யாரைப் பற்றி எழுதியிருப்பேன் என்று யோசி. அச்சாகி வந்ததும் அனுப்புகிறேன். அதுவரை சொல்ல மாட்டேன்.

உன் தங்கை

ஆகஸ்ட் 22

என் வாயாடித் தங்கைக்கு,

இனி உன்னை ஊமை என்று யாரும் சொல்ல முடியாது. எங்கள் எல்லோருக்கும் சுகம். நீ மைக்கில் பேசியதைக் கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். வேன்காரர், "ஆவியோட தங்கச்சின்னா பேசாம இருக்குமா?" என்றார். மனுஷனுக்கு இப்போது மூட்டை கட்ட வந்துவிட்டது. ஆனாலும் என்னிடமே கொண்டுவந்து, "சரியா இருக்கான்னு பாரு," என்று நிற்கிறார். என்ன செய்வது, பார்த்துச் சொல்கிறேன்.

இதழை அனுப்பு. சீக்கிரம் அனுப்பு. யாரைப் பற்றி என்று தெரியாத மாதிரியே நடித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா

செப்டம்பர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்கள் இருவரும் அப்படியே இருக்க வேண்டும். இதோ இதழ். நடுப்பக்கம். "எரியும் மெழுகுவர்த்தி" என்ற தலைப்பு. தமிழாசிரியர் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. உன் கூடத்தில் எல்லோருக்கும் காட்டு. கூடுதலாக மூன்று பிரதி வைத்திருக்கிறேன்.

இங்கே ஒரு சின்ன வருத்தம். லேட்டு பயிற்சிக்கு ஒழுங்காக வருவதில்லை. என் அறைக்கும் வருவதில்லை. தாமதக் கையெழுத்தை இப்போது வகுப்பு ஆசிரியையே போட்டுவிடுகிறார். "பாவம், அவளை எதுக்கு உங்க அறை வரைக்கும் அலைய விடணும்?" என்றார். எல்லோரும் அவளிடம் அன்பாகத்தான் நடந்துகொள்கிறார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

படித்துவிட்டு உடனே எழுது.

உன் தங்கை

அக்டோபர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமா என்பது தெரியவில்லை. போனில் கூப்பிட்டால் அம்மாதான் எடுக்கிறாள். "அவளுக்கு வேலை ஜாஸ்திடி," என்கிறாள். இதழ் வந்து சேர்ந்ததா? உடம்புக்கு ஏதாவதா?

இங்கே காரியம் கெட்டுவிட்டது. லேட்டு குழுவிலிருந்து விலகிவிட்டாள். முந்தாநாள் மதிய இடைவேளையில் தண்ணீர்க் குழாயருகே அவளைப் பிடித்து நிறுத்தினேன். கூட யாரும் இல்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"முன்னாடி நான் குச்சியை நழுவ விட்டா மூணு பேரும் சேர்ந்து கத்துவாங்க மிஸ். 'ஏய் லேட்டு, கையில எண்ணெய் தடவிட்டு வந்தியா'ம்பாங்க. நானும் பதிலுக்குக் கத்துவேன். இப்போ நழுவினா 'பரவால்ல, பரவால்ல'ன்றாங்க. லேட்டுன்னுகூடக் கூப்பிடறதில்ல. தண்ணி பாட்டிலை முதல்ல எனக்குத்தான் தர்றாங்க. கேண்டீன்ல வரிசையில நின்னா வழி விடறாங்க. நான் தப்பு பண்ணினா பரவால்லைன்னா, அப்புறம் நான் எதுக்கு மிஸ் ஓடணும்?"

பிறகு அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வீட்டுல நான் அம்மாவுக்குப் பொண்ணு. ரோட்டுல வர்ற வரைக்கும் அவசரம். கிரவுண்டுல மட்டும்தான் மிஸ் நான் சும்மா நானா இருந்தேன்," என்றாள். மரியாதையாக, கோபமே இல்லாமல் சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

போட்டிக்குப் பெயர் கொடுக்கும் நாள் நெருங்குகிறது. அவள் இடத்தில் வேறு ஆளைப் பழக்கப் பார்க்கிறார்கள். அவள் ஓடாவிட்டால் கல்லூரியும் இல்லை. நல்லதைத்தானே சொன்னேன், அக்கா? பொய் ஒன்றும் சொல்லவில்லையே?

இரண்டு வரியாவது எழுது. இல்லாவிட்டால் விடுமுறை போட்டுவிட்டுக் கிளம்பி வந்துவிடுவேன்.

உன் தங்கை

அக்டோபர் 14

தங்கைக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. அம்மாவும் நலம். இதழ் வந்தது. எழுத உட்கார்ந்த போதெல்லாம் கோபம் வந்தது, எழுந்துவிட்டேன். இன்றும் கோபம்தான். ஆனால் நீ லேட்டைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீ அனுப்பிய பக்கத்தைக் கூடத்தில் வருகைப் பதிவு இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார்கள். நான் ஒட்டவில்லை. மேற்பார்வையாளர் அம்மா ஒட்டினார். அன்று முதல் எனக்கு ஒரு நாற்காலி வந்துவிட்டது. உட்கார்ந்துகொண்டு உருளையை எப்படி ஓட்டுவது? "நீங்க உட்காருங்க அக்கா, எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கீங்க," என்று சின்னப் பெண்கள் எல்லாம் கண்கலங்குகிறார்கள். நான் பாட்டுப் போட்டால் ஒலியைக் குறைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். சோகமாக இருப்பேனாம்.

வேன்காரர் இருக்கிறாரே, அவர் உள்ளே வந்ததும் தொப்பியைக் கழற்றினார். "வணக்கம்ங்க. உங்களைப் பத்திப் படிச்சேன். நீங்க ரொம்பப் பெரிய மனசுங்க," என்றார். மூட்டையை என்னிடம் காட்டவில்லை. அவரே தூக்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி போய்விட்டார். இப்போது ஒரு மாதமாக எனக்கு "ங்க" போடுகிறார். ஆவி செத்துவிட்டது.

ஏன் இதைச் சொல்கிறேன் என்று கேட்காதே. உனக்குப் புரியும், நீ எல்லாவற்றையும் கவனிக்கிறவள்.

மெழுகுவர்த்தியாமே! நான் எங்கேடி உருகினேன்? நன்றாகச் சாப்பிட்டு இடுப்பில் சதை போட்டிருக்கிறேன். நான் உனக்காகப் படிப்பை விட்டேன் என்று எழுதியிருக்கிறாய். யார் சொன்னது? எனக்குப் படிப்பு பிடிக்கவில்லை. கணக்கு டீச்சரின் செருப்புச் சத்தம் கேட்டாலே பெஞ்சுக்கு அடியில் ஒளிந்துகொள்வேன். அம்மா படி படி என்றுதான் தலையில் அடித்துக்கொண்டாள். சலவைக்கூடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்றதும் நானாகத்தான் ஓடினேன். முதல் சம்பளத்தில் உனக்குப் பள்ளிப் பை வாங்கினேனாம். முதல் சம்பளத்தில் சிவப்புச் செருப்பு வாங்கினேன், எனக்கு! பை அடுத்த மாதம். அதுவும் நீ ஊரைக் கூட்டி அழுததால்.

உன்னைப் படிக்க வைத்தது நான்தான். அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே செய்தேன், அதில் எனக்குப் பெருமை. நீ கல்லூரிக்குப் போன முதல் நாள் கூடம் முழுக்க மிட்டாய் கொடுத்தேன். அந்தச் சிரிப்பை எடுத்துவிட்டு அழுகையை வைத்துவிட்டாய். எழுதுவதற்கு முன் ஒரு போன் போட்டு, "அக்கா, உன்னைப் பத்தி எழுதட்டுமா?" என்று கேட்டிருந்தால் நான் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன்.

இவ்வளவுதான். கோபம் பாதி குறைந்திருக்கிறது. மழைக்காலம், குடையில்லாமல் வெளியே போகாதே.

அக்கா

அக்டோபர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் நலம். உங்கள் நலமே என் வேண்டுதல்.

உன் கடிதத்தை வகுப்பு இல்லாத நேரத்தில் என் பாதி அறையில் உட்கார்ந்து படித்தேன். சிவப்புச் செருப்பு வந்த இடத்தில் சிரித்துவிட்டேன், பிறகு அழுதேன். உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்தப் பெண்ணிடமும் கேட்கவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். முகத்துக்கு நேராக ஒருவருக்கு நன்றி சொல்லவோ, நீ நல்லவள் என்று சொல்லவோ எனக்கு நா எழாது. உன்னிடம் ஒரு நாளாவது சொல்லியிருக்கிறேனா? பக்கத்தில் நின்று சொல்ல முடியாததை ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டேன். ஊருக்குச் சொல்வதுதான் எனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

மைக்கில் சொன்னதைத் திரும்ப எடுக்க வழியில்லை. மன்னிப்பு என்று மறுபடி மைக்கில் பேசினால் அவள் இன்னும் சாவாள். அதனால் விளையாட்டு சாரிடம் போய், "அவ இடம் காலியானது என்னாலதான் சார். ஆள் கிடைக்கற வரைக்கும் பயிற்சிக்கு நான் நிக்கிறேன்," என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் கால் செருப்பைப் பார்த்தார். "சரி, நில்லுங்க. கீழ விழுந்தா பள்ளிக்கூடம் பொறுப்பில்ல," என்றார்.

அக்கா, உன் தங்கை மைதானத்தில் ஓடினாள். துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, வெறுங்காலோடு. மூன்று பிள்ளைகளும் முதலில் மரியாதையாகத்தான் இருந்தார்கள். இரண்டாவது ஓட்டக்காரி குச்சியைக் கொண்டுவருவாள், நான் திரும்பிப் பார்ப்பேன், பார்த்ததும் பயந்து கையை இழுத்துக்கொள்வேன், குச்சி தரையில் கிடக்கும். மூன்றாம் நாள் அவர்களுக்குப் பொறுமை போய்விட்டது. "மிஸ், அது பாம்பு இல்ல மிஸ்!" என்று ஒருத்தி கத்தினாள். நான்காம் வகுப்புப் பிள்ளைகள்கூட வேலியில் தொற்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

போன வியாழக்கிழமை லேட்டு வந்தாள். ஓட வரவில்லை, பள்ளி கொடுத்த ஓட்ட ஷூவைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. நான் வழக்கம்போலத் திரும்பிப் பார்த்தேன், குச்சி என் முழங்காலில் பட்டு எங்கோ போனது.

"பின்னாடி பாக்காதீங்க மிஸ்!" என்று ஒரு குரல். "கையை மட்டும் நீட்டுங்க, ஓடிட்டே இருங்க! அவ வைப்பா!"

மறுபடி செய்தேன். மறுபடி விழுந்தது. அவள் பையைத் தரையில் வீசிவிட்டு உள்ளே வந்துவிட்டாள். "கட்டை விரலை இப்படி மடக்கினா எப்படி மிஸ் வாங்குவீங்க? நகருங்க அந்தப் பக்கம்!" என்று என்னைத் தள்ளாத குறையாக நகர்த்தி என் கோட்டில் நின்றாள். ஓடினாள். ஆனால் பல நாள் விட்டுப்போன அவசரத்தில் சீக்கிரமே கிளம்பிவிட்டாள். குச்சி கொண்டுவந்தவளால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. மூச்சிரைக்க நின்று, எரிச்சலில் கத்தினாள் பார்: "ஏய் லேட்டு! இன்னிக்குத்தான் சீக்கிரம் வரணும்னு தோணுச்சா? எருமை!"

கத்தியவளே பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள். லேட்டு இடுப்பில் கை வைத்து நின்று அவளைப் பார்த்தாள். "நீ நத்தை மாதிரி வந்தா நான் என்ன பொங்கல் வரைக்கும் நிப்பேனா?" என்று திருப்பிக் கத்தினாள். பிறகு நான்கு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். யார் என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை. விளையாட்டு சார் விசிலை வாயில் வைத்தபடி ஊதாமல் நின்றார்.

ஷூவைத் திருப்பிக் கொடுக்க அவள் மறந்துவிட்டாள். மறுநாள் அவள் பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டோம்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். பள்ளியின் அடுத்த இதழில், நான் எழுதியதில் தவறு இருந்தது என்று திருத்தம் போடலாமா? நீ போடு என்றால் போடுகிறேன். வேண்டாம் என்றால் இல்லை.

என் தொடை இரண்டும் கல்லாக இருக்கின்றன. எண்ணெய் தேய்க்கச் சொன்ன அம்மாவுக்கு நன்றி.

உன் தங்கை

நவம்பர் 18

அடி ஓட்டக்காரி,

எல்லோரும் சுகம். உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது அவள் சிரித்துச் சிரித்து இருமல் வந்து, தண்ணீர் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

திருத்தம் எதுவும் வேண்டாம். ஊரில் ஏற்கெனவே என்னைப் பற்றித் தெரிந்தது போதும். ஒட்டியிருந்த பக்கத்தை நானே கிழித்து எடுத்துவிட்டேன். மேற்பார்வையாளர் அம்மா கேட்டதற்கு, "ஆவி பட்டு சுருங்கிப் போச்சுங்க," என்றேன். நாற்காலியையும் துணி அடுக்க எடுத்துக்கொண்டோம்.

வேன்காரர் விஷயம் தானாகச் சரியாகவில்லை. போன வாரம் அவர் மறுபடி தலையைக் குனிந்துகொண்டு போகும்போது குறுக்கே நின்றேன். "என் தங்கச்சி எழுதினதுல பாதி அவ கற்பனை. எனக்குப் பெரிய மனசெல்லாம் கிடையாது. உன் மூட்டை எல்லாம் மாட்டுத் தீவனம் மாதிரி இருக்கு, நேத்து ரெண்டு விரிப்பு ரோட்டுல விழுந்துச்சாம்," என்றேன். அவர் மூட்டையைக் கீழே வைத்தார். அப்புறம், "அப்போ நான் பேசலாமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. நிறையப் பேசினார். மற்றது நேரில்.

நீ எனக்கு முகத்துக்கு நேராக நன்றி சொன்னதில்லை என்று எழுதியிருந்தாய். அசடே, தேர்வு முடிவு வந்த அன்று என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் பஸ் வரும் வரைக்கும் நின்றாயே. அதற்கு என்ன பேர்?

போட்டி முடிந்ததும் எப்படி நடந்தது என்று உடனே எழுது. எல்லோரும் காத்திருக்கிறோம். எல்லோரும் என்றால் எல்லோரும்.

அக்கா

டிசம்பர் 13

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ, அம்மா, எல்லோரும் நலமா? அந்தக் கடைசி "எல்லோரும்" யார் என்று கேட்க மாட்டேன். நேரில் வந்து உன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

மூன்றாம் இடம்! நமக்கு அது போதும். முதல் இரண்டு குழுவும் வெகு முன்னால் போய்விட்டன. மூன்றாவதற்குத்தான் சண்டை. லேட்டு குச்சியை வாங்கும்போது நாம் ஐந்தாவது. கொடுக்கும்போது மூன்றாவது. அவள் ஓடியதை என்னால் வர்ணிக்க முடியாது, பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். கல்லூரியிலிருந்து வந்திருந்தவர் அங்கேயே அவள் பெயரைக் குறித்துக்கொண்டார். ஜூன் மாதம் சேர வரச் சொல்லியிருக்கிறார்கள்.

மறுநாள் காலைக் கூட்டத்துக்கு முன் நான்கு பேரையும் அறைக்குக் கூப்பிட்டு, "என்ன சொல்லட்டும்?" என்று கேட்டேன். முக்கால்வாசி நேரம் அவர்களுக்குள் சண்டை. கடைசியில், "மூணாவது வந்தோம்னு சொல்லுங்க, அடுத்த வருஷம் ஜூனியர்ஸ் ரெண்டாவது வரணும்னு சொல்லுங்க, போதும்," என்றார்கள். அதையே சொன்னேன்.

அன்று மாலை லேட்டு என் அறைக்குள் வந்தாள். கதவருகே நிற்காமல் உள்ளே வந்து உட்கார்ந்தாள். "எங்கம்மா உங்களைப் பாக்கணுமாம் மிஸ். வர்றீங்களா?" என்றாள்.

போனேன். சந்துக்குள் ஒரே அறை. கட்டில், அடுப்பு, கொடியில் துணி, ஒரு ஜன்னல். அவ்வளவு சுத்தம், நீ பார்த்தால் வேலைக்கு எடுத்துக்கொள்வாய். அந்த அம்மாவுக்கு உன்னைவிடக் கொஞ்சம்தான் வயது அதிகம் இருக்கும். அவர்தான் பேச ஆரம்பித்தார்.

"இவ ஓடுவா ஓடுவான்றாங்க. நான் ஒரு நாளும் பாத்ததில்ல டீச்சர். நான் நல்லா இருந்தப்போ வேலைக்குப் போயிருவேன். இப்போ இப்படி. கேட்டா, 'ஓடினேன், வந்தேன்'றா. அதுல எனக்கு என்ன தெரியும்? நீங்க சொல்லுங்க. எப்படி ஓடினா?"

வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை, அக்கா. பிறகு என்ன தோன்றியதோ, துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டேன். கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் நாலடி இடம்தான். அங்கே குனிந்து நின்றேன். பின்னால் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினேன். லேட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு, "ஐயோ மிஸ், வேணாம் மிஸ்," என்று சிரித்தாள். பிறகு தாங்காமல், அடுப்போரம் இருந்த கரண்டியை எடுத்துவந்து என் உள்ளங்கையில் வைத்தாள். நின்ற இடத்திலேயே ஓடினேன், முழங்கால் மேலே வர, கை இரண்டும் வீச. "இப்போ அஞ்சாவது," என்றேன். "இதோ நாலாவது ஆளைத் தாண்டறா."

அந்த அம்மா முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கிவிட்டார். "ஓடு," என்றார். "ஓடுடி என் கண்ணு, ஓடு!"

அவர் பார்த்துக்கொண்டிருந்தது என்னை இல்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தப் பார்த்தேன். அவர் விடவில்லை. மூன்றாவது இடம் வரும் வரைக்கும் ஓடினேன்.

விடுமுறை விட்டதும் கிளம்பி வருகிறேன். அதுவரை இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உன் தங்கை